செம்பு கேட்ட கேள்வி

"பாடத்திட்டத்தை மாத்தப் போறோம். இந்தப் படிப்பை முடிச்சு வெளியே போறப்ப என்னென்ன தெரிஞ்சிருக்கணும்? நீங்களே சொல்லுங்க."

டிசைன் பேராசிரியை இப்படிக் கேட்டதும் மூன்றாம் ஆண்டு வகுப்பு அமைதியானது. வழக்கமாகப் படிப்பு முடியும் நேரத்தில் ஒரு கருத்துப் படிவம் வரும். 'நன்று', 'மிக நன்று' என்று டிக் அடித்துக் கொடுப்பார்கள். அதில் எழுதிய குறை சரியாவதற்குள், எழுதியவர் கல்லூரியை விட்டே போயிருப்பார். பந்தி முடிந்தபின் உப்பு போதுமா என்று கேட்பது போலத்தான்!

பேராசிரியை மேஜை மீது ஒரு பித்தளைச் செம்பை வைத்தார்.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி, 1958-ல் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை தந்தார்கள். அகமதாபாத்தில் 1961-ல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறக்க அதுவே அடித்தளம். இந்தியாவில் அவர்களை மிகவும் வியக்க வைத்தது சாதாரணச் செம்புதான். எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், பிடிக்கும் கை எவ்வளவு பெரியது, சுமப்பது தலையிலா இடுப்பிலா என்று அந்தச் செம்பை வைத்தே கேள்விகளை அடுக்கினார்கள்.

"ஒரு செம்புக்கே பிடிக்கிற கையைப் பத்தி யோசிக்கணும்னா, உங்க படிப்புக்கு உங்களைக் கேக்க வேணாமா?"

கடைசி பெஞ்சு மாணவி எழுந்தாள். "மேடம், மாமா கடைக்கு போர்டு டிசைன் பண்ணினேன். எவ்வளவு கேக்கணும்னு தெரியலை. சும்மாவே கொடுத்துட்டேன்."

"வகுப்புல இங்கிலீஷ்ல விளக்கிடறோம். ஆசாரிகிட்ட தமிழ்ல சொல்லத் திணறுறோம்" என்றான் இன்னொருவன்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. கலை வரலாற்றுப் பாடத்தை எடுத்துவிடலாம் என்றதற்கு, "பழசு தெரியாம புதுசு எப்படி வரும்?" என்று மறுத்துவிட்டார். ஆனால், 'தொடர்புத்திறன்' என்ற பழைய வரி மாறியது. 'ஒரு வேலைக்கு விலை மதிப்பிட்டு, செய்பவருக்கும் வாங்குபவருக்கும் புரியும்படி விளக்கத் தெரிந்திருத்தல்' என்று மாணவர்களே எழுதினார்கள்.

"இது எங்களுக்குக் கிடைக்காதே மேடம்?"

"புதுப் பாடத்திட்டம் அடுத்து சேர்றவங்களுக்குத்தான். உங்களுக்கு இந்தச் சனிக்கிழமையே எஸ்டிமேட் வகுப்பு."

அந்தச் சனிக்கிழமை கடைசி பெஞ்சு மாணவி தன் முதல் எஸ்டிமேட்டைப் போட்டாள். மாமாவுக்குத்தான்... பத்து சதவீதத் தள்ளுபடியோடு!