தேற்றிவிட்டவர் திறந்த வழி

அன்புள்ள பேத்திக்கு,

தறிக்கார வீட்டுப் பிள்ளைகள் கணினி வேலைக்குப் போகும் வழி எப்படித் திறந்தது என்று கேட்டிருந்தாய். ஒருவரை மட்டும் கைகாட்டிவிட முடியாது. ஆனாலும் சிவ் நாடாரின் கதை தெரிந்தால் அந்த வழியின் பெரும்பகுதி விளங்கிவிடும். 1945இல் திருச்செந்தூர்ப் பக்கம் மூலைப்பொழியில் பிறந்தவர், கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு, டெல்லியில் டி.சி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்தார். அதை விட்டுவிட்டு 1976இல் நண்பர்களோடு சேர்ந்து எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் கணினி விற்றதையும் பெரும் செல்வம் சேர்த்ததையும் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கருவி விற்றவருக்குச் சந்தை கிடைக்கும். ஆளைத் தேற்றிவிட்டவரால்தான் அடுத்தவருக்கு வழி கிடைக்கும். அப்படித் தேறியவர்கள் அவரை விட்டு விலகிப்போய்த் தனியாக நிற்க முடிந்ததா என்பதுதான் இதற்கு உரைகல்.

இதெல்லாம் காலம் கொடுத்த அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. அரசு கேட்டபடி இந்தியக் கிளையில் தன் பங்கை 40 விழுக்காடாகக் குறைக்க மறுத்த கணினி நிறுவனமான ஐ.பி.எம்., 1978இல் நாட்டை விட்டு வெளியேறியது. அதே ஆண்டில் எச்.சி.எல். தன் '8சி' கணினியைக் கொண்டுவந்தது. அரசின் முடிவு இடத்தைக் காலிசெய்து கொடுத்தது உண்மைதான். ஆனால் அந்தக் காலியிடம் எல்லோருக்கும் பொதுவானது. ஹைதராபாத்தில் அரசு நிறுவனமான இ.சி.ஐ.எல். அதற்கு முன்பிருந்தே கணினி செய்துகொண்டிருந்தது, டி.சி.எம்.மும் களத்தில் இருந்தது. எச்.சி.எல்.லைத் தனித்துக் காட்டுவது அங்கிருந்து வெளியே போனவர்களின் வரிசை. அங்கே வேலை பார்த்த ராஜேந்திர பவாரும் விஜய் தடானியும் 1981இல் என்.ஐ.ஐ.டி. என்ற கணினிப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பொறியியல் பட்டம் இல்லாதவர்களும் மாலை நேரத்தில் போய்க் கணினி கற்கும் மையங்கள் சிறிய ஊர்கள்வரை வந்தது அதற்குப் பிறகுதான். எச்.சி.எல்.லைத் தொடங்கியவர்களில் ஒருவரான அர்ஜுன் மல்ஹோத்ராவும் 1998இல் பிரிந்துபோய்ச் சொந்த நிறுவனம் வைத்தார். விலகிப்போனவர்களால் துறை பெருகியதே தவிரக் குறையவில்லை. அதிர்ஷ்டம் ஒரு நிறுவனத்தை வளர்க்கலாம்; இத்தனை பேரை நிமிர்த்திவிட அது மட்டும் போதாது.

இன்னொரு மறுப்பு கனமானது. நாடார் தன் தந்தை சிவசுப்பிரமணிய நாடாரின் பெயரில் 1996இல் காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என். கல்லூரியைத் தொடங்கினார். அப்போது அந்த ஊரும் நம் காஞ்சிபுரமும் ஒரே மாவட்டம்; 2019 முதல் அது செங்கல்பட்டு மாவட்டம். கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரி தறிக்காரர் பிள்ளைக்கு எப்படி வாசலாகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. காஞ்சியின் சரித்திரமே அதற்குச் சாட்சி. பல்லவர் காலத்தில் இங்கே கடிகை என்ற கல்விக்கூடத்தில் படிக்கத் தொலைதூரத்திலிருந்து மயூரசர்மன் என்பவன் வந்தான். பிறகு பல்லவரோடு பகைத்துப் போய்க் கதம்ப அரசையே நிறுவினான். ஆனால் வேதம் படிப்போருக்கான அந்தக் கடிகையில் தறி நெய்தவன் மகனுக்கு இடமில்லை. சிறந்த கல்விக்கூடம் ஒன்று இருப்பதாலேயே அது எல்லோருக்கும் திறந்துவிடாது. அதற்கு அரசு வேண்டும். 2010இல் வந்த முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும், 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் கிடைத்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் அந்த வேலையைச் செய்கின்றன. வேலைகளையும் பயிற்சியையும் உருவாக்குபவர் ஒரு பக்கம், அங்கே போய்ச் சேரப் படி கட்டும் அரசு மறுபக்கம். இரண்டில் ஒன்றை மட்டும் புகழ்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

கணினியால்தான் தறி வெறிச்சோடுகிறது என்ற வருத்தமும் நம்மூரில் உண்டு. அது அப்படி இல்லை என்பதற்குத் தறியில் டிசைனை நெய்யவைக்கும் ஜக்கார்டு பெட்டியே சான்று. முன்பெல்லாம் சேலையின் டிசைனைக் கட்டத்தாளில் வரைவார்கள். தாளில் ஒரு வரிக்கு ஓர் அட்டை. நிரப்பிய கட்டத்துக்கு ஓர் ஓட்டை. ஓட்டை இருந்தால் அந்தப் பாவு இழை மேலே எழும், இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும். எழும், கிடக்கும் என்ற இந்த இரண்டே நிலைகளில்தான் கணினியும் நடக்கிறது. கட்டத்தாளில் வரைந்த வேலையைக் கணினி சுலபமாக எடுத்துக்கொண்டது இதனால்தான். ஆனால் அந்தக் கணினி பெரும்பாலும் போய் உட்கார்ந்த இடம் டிசைன் போடும் கடையும் முதலாளியின் கூடமும். தறிக்காரர் வீடு இல்லை. டிசைன் போடும் அறிவு அவர் கைக்கு வராதபோது, கருவி எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவருக்குக் கூலி மட்டும்தான் மிஞ்சும். பிள்ளைகள் தறியை விட்டுப் போவது கூலி போதாததாலும், விசைத்தறிப் போலிகள் அசல் பட்டின் விலையைக் கெடுப்பதாலும். காஞ்சிப் பட்டு 2005இல் பெற்ற புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். வருமானத்தைத் தானாகக் கூட்டிவிடாது.

ஆகவே, நாடாரின் கதையிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது பணம் சேர்க்கும் வித்தையல்ல. வெளிநாட்டில் நல்ல சம்பளம் வாங்குகிறாய், வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாய். அது குடும்பக் கடமை, அதில் குறையில்லை. ஆனால் பணம் செலவழிந்துவிடும், கற்றது மேலும் பத்துப் பேரிடம் போகும். டிசைன் மென்பொருளைத் தறிக்காரர் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்க வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கு; இணையத்தில் அங்கிருந்தபடியே முடியும். அவர்களில் யாராவது சொந்தமாக டிசைன் போட்டு, உன்னிடமும் முதலாளியிடமும் கேட்காமல் தானே விலை சொல்லும் நாளில், உனக்குத் திறந்த வழியை நீயும் இன்னொருவருக்குத் திறந்துவிட்டாய் என்று நம்பலாம்.

அன்புடன்,
தாத்தா
காஞ்சிபுரம்