ராமநாதன் கிருஷ்ணன்: அடிக்காமல் ஜெயித்த ஆட்டம்

ராமநாதன் கிருஷ்ணன் பிறந்தது 1937 ஏப்ரல் 11 அன்று. குடும்பத்துக்குப் பூர்வீகம் தென்காசி. தந்தை டி.கே. ராமநாதன் அந்தக் காலத்தில் பேர் பெற்ற டென்னிஸ் ஆட்டக்காரர். மகனுக்கு ஆசானும் அவரே. சென்னை லயோலா கல்லூரியின் பெர்ட்ராம் கோப்பை கல்லூரி மாணவர்களுக்கான போட்டி. 1951இல் பள்ளிச் சிறுவனாக இருந்த கிருஷ்ணனைத் தனி அனுமதி கொடுத்து ஆடவிட்டார்கள். அவரோ கோப்பையையே தட்டிச் சென்றார்.

1954இல் விம்பிள்டன் சிறுவர் பிரிவில் பட்டம் வென்றார். ஆசியாவிலிருந்து யாரும் அதற்கு முன் அதை வென்றதில்லை. இறுதியில் அவரிடம் தோற்றவர் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பர். அந்தக் கூப்பர்தான் நான்கே ஆண்டுகளில் விம்பிள்டன் சாம்பியன் ஆனார்.

கிருஷ்ணனின் சர்வில் வேகம் கிடையாது. புல்தரையில் சர்வ் செய்துவிட்டு வலையை நோக்கிப் பாய்வதே வழக்கமாக இருந்த நாட்களில் இது பெரிய குறைதான். ஆனால் பந்து வரும் இடத்தில் அவர் முன்கூட்டியே நின்றிருப்பார். எதிராளியின் வேகத்தையே வாங்கி, மட்டையை லேசாகத் திருப்பி, ஆள் இல்லாத மூலைக்குப் பந்தை அனுப்பிவிடுவார். காலடியில் விழும் பந்தையும் ஹாஃப் வாலியாக நிதானமாக எடுப்பார். ஓடிக் களைப்பவர் எப்போதும் எதிர்ப்பக்கத்துக்காரராகத்தான் இருப்பார்.

1959இல் லண்டன் குவீன்ஸ் கிளப் பட்டத்தை நீல் ஃபிரேசரை வீழ்த்தி வென்றார். அதே ஆண்டு டேவிஸ் கோப்பையில் ராட் லேவரையும் தோற்கடித்தார். பத்திரிகையாளர் எட்வர்ட் பாட்டர் அவரை உலகின் மூன்றாவது ஆட்டக்காரராகக் கணித்தார். தொழில்முறை ஆட்டங்களை நடத்திவந்த ஜாக் கிரேமர் மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டாலர் தருவதாக அழைத்தார். அன்றைய நிலையில் அது மலைக்கவைக்கும் தொகை. ஆனால் 1968 வரை விம்பிள்டனின் கதவு தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு மூடியே இருந்தது. டேவிஸ் கோப்பையும் அவர்களுக்கு இல்லை. கிருஷ்ணன் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு இல்லையென்றால் அவர் பேரை இன்றும் நினைவில் வைத்திருக்கச் செய்யும் ஆட்டங்கள் பலவும் நடந்தே இருக்காது.

1960இல் விம்பிள்டன் அரையிறுதியில் ஃபிரேசரிடம் தோற்றார். 1961இல் கால் இறுதியில் ராய் எமர்சனை 6-1, 6-4, 6-4 என்று வீட்டுக்கு அனுப்பினார். அரையிறுதியில் லேவர் வழிமறித்தார். இரண்டு முறையும் அவரை வென்றவரே அந்த ஆண்டின் சாம்பியன். 1962இல் நான்காம் தரவரிசை கிடைத்தது. இம்முறை கணுக்கால் காயம் மூன்றாம் சுற்றோடு நிறுத்திவிட்டது. பட்டம் கைக்கு வராமலே போனது.

அவருடைய உச்சம் விம்பிள்டனில் இல்லை, 1966இல் கல்கத்தா சவுத் கிளப்பில்தான். டேவிஸ் கோப்பையில் இந்தியாவும் பிரேசிலும் 2-2. கடைசி ஆட்டத்தில் எதிரே இடக்கை ஆட்டக்காரர் தாமஸ் கோச். இரண்டு செட் பறிகொடுத்து, நான்காவது செட்டிலும் 2-5 என்று பின்தங்கி நின்றார் கிருஷ்ணன். இன்னும் ஒரு கேம் போனால் எல்லாம் முடிந்தது. அங்கிருந்து ஐந்து கேம்களைத் தொடர்ந்து எடுத்து அந்த செட்டை 7-5 என்று பிடித்தார். ஐந்தாவது செட் 6-2. இந்தியா முதல்முறையாக இறுதிக் கட்டமான சவால் சுற்றுக்குப் போனது. பெல்ஜியம் போன்ற சிறிய நாடு 1904இலேயே, ஆட்டக்காரர் பால் டி போர்மனின் துணையோடு, கால் வைத்த முதல் ஆண்டில் அந்தக் கட்டத்துக்கு வந்து பிரிட்டனிடம் 0-5 என்று தோற்றிருந்தது. அப்போது போட்டியிட்ட நாடுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். 1966இன் பாதை அவ்வளவு குறுகியதல்ல. மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4-1 என்று வென்றது. இந்தியாவின் அந்த ஒற்றை வெற்றி இரட்டையரில் வந்தது: கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்ப்-ரோச் ஜோடியை வீழ்த்தினார்கள்.

1961இல் அர்ஜுனா, 1962இல் பத்மஸ்ரீ, 1967இல் பத்மபூஷண் விருதுகள் வந்தன. ஆட்டத்தை விட்டபின் சென்னையில் எரிவாயு ஏஜென்சி நடத்தினார். மகன் ரமேஷ் கிருஷ்ணனும் அதே மென்மையான சர்வோடு களமிறங்கி, தந்தை வென்ற விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை 1979இல் வென்றார். 1987இல் புதுடெல்லியில் அர்ஜென்டினாவைக் கடந்து, சிட்னியில் ஆஸ்திரேலியாவை வென்று டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போன இந்திய அணியில் அவரும் இருந்தார்.