ஒன்றைப் பிடித்து, மற்றதை அசைத்து

பத்து லட்ச ரூபாய் வீட்டுக் கடன், 9 சதவீத வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை 8,997 ரூபாய். இந்தப் புள்ளியில் நின்றுகொண்டு, வட்டி ஏறினால் தவணை எந்த வேகத்தில் ஏறும் என்று கேட்டால், அந்த வேகம்தான் பகுதி வகைக்கெழு. வட்டியும் காலமும் சேர்ந்து மாறினால் எது எவ்வளவு செய்தது என்று பிரித்தறிய முடியாது. அதனால் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

காலம் 20 ஆண்டிலேயே இருக்கட்டும். வட்டி 10 சதவீதமானால் தவணை 9,650, ஏற்றம் 653. எட்டுக்கு இறங்கினால் 8,364, இறக்கம் 633. ஒரே இடத்துக்கு இரண்டு விடை! அசைவைப் பாதியாக்கி, வரும் வித்தியாசத்தை அந்த அரையால் வகுத்தால் 648, 638. அசைவு 0.1 என்றால் 644, 642. ஒன்று மேலிருந்து இறங்க, இன்னொன்று கீழிருந்து ஏற, இரண்டும் 643-ஐ நெருக்குகின்றன. அசைவைப் பூஜ்யமாகவே ஆக்கினால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க நேரும். ஆகவே அதைத் தொடாமல், எண்கள் எங்கே போய்ச் சேரும் என்று மட்டும் பார்க்கிறோம். எல்லை என்ற இந்தக் கருத்தின் மேல்தான் கணிதவியலாளர் கோஷி 1821-ல் நுண்கணிதத்தை நிறுத்தினார். தவணைச் சூத்திரத்தை வகையிட்டு ஒரே வரியில் விடை எழுதிவிடும் பிள்ளைகளுக்கு இந்த நெருக்கம் கண்ணில் படுவதே இல்லை. ஒரு தடவையாவது கையால் போட்டுப் பார்க்கவேண்டிய கணக்கு இது.

இப்போது வட்டியைப் பிடித்துக் காலத்தை அசைப்போம். 25 ஆண்டாக்கினால், கூடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் தவணை சராசரியாக 121 ரூபாய் குறைகிறது; 15 ஆண்டாக்கினால், குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 229 கூடுகிறது. இரு விடைகளும் இவ்வளவு விலகி நின்றால் அசைவு பெரிது என்று பொருள். ஓராண்டே அசைத்தால் 151, 172. மேலும் நெருங்கினால் 161.

இரண்டையும் சேர்த்தால்தான் கடன்காரருக்குப் பயன். வட்டி கால் சதவீதம் ஏறும்போது பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடும். 643-இல் கால் பங்கு 161. ஓராண்டு நீட்டினால் குறைவதும் அதே 161. ஆக, கடன் தொடக்கத்திலேயே இது நடந்தால் 12 மாதம் கூடும் என்று மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம். முழுச் சூத்திரம் தருவது 13. ஆனால் ஒரு முழு சதவீதம் ஏறினால் இந்தக் குறுக்குவழி நான்கு ஆண்டு என்று சொல்லும். உண்மையில் ஆறு ஆண்டுக்கு மேல் நீளும். அங்கே புதிய புள்ளிக்குப் போய், அசைவைச் சிறிதாக வைத்து, மறுபடி தொடங்க வேண்டும்.