கிழவனுக்குள் வேலன்

சித்திரை, வைகாசி வந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுக்குத் தூக்கம் பகலில்தான். ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் எடுத்தால் விடியும்வரை ‘வள்ளி திருமணம்’. ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. வள்ளி ஒரு ஊரிலிருந்து வருவார், நாரதர் வேறு ஊர். சில நாள் மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்தது எல்லோருக்கும் பாடம், அந்தத் தைரியம்தான்.

நான் ராஜபார்ட், முருகன் வேஷம். வேலன் வேடனாக வருவது எளிது. விருத்தன்தான் உயிரை வாங்குவான். முருகன் கிழவனாக மாறி வள்ளியிடம் தினைமாவு கேட்கிறான். வேஷத்துக்கு மேல் வேஷம். தாடியை ஒட்டி, கோலூன்றி, அச்சு அசல் கிழவனாகவே சில வருஷம் நடித்தேன். ஒருநாள் முன்வரிசைப் பாட்டி ஒருத்தி சத்தமாகவே கேட்டுவிட்டாள்: “ஏப்பா, முருகன் எங்கப்பா போனாரு?”

அதற்குப் பிறகுதான் தொழில் பிடிபட்டது. இடுப்பு கூனலாம், கண் கூனக்கூடாது. இருமல் தாளத்தில் விழவேண்டும். ஆல்ரவுண்டு வாசிக்கும் தாளக்காரர் அதைத் தூக்கிக்கொடுப்பார். வள்ளி தினைப்புனம் பக்கம் திரும்பினால் முதுகு ஒரு நொடி நிமிரும். திரும்பிப் பார்த்தால் விக்கல். அவளுக்குத் தெரியக்கூடாது, சனத்துக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

சென்னையில் படிக்கும் அக்கா மகன் காஸ்ப்ளே செய்கிறான், கதைப் பாத்திரமாக வேஷம் கட்டுவது. 1980களில் ஜப்பான்காரர் நோபுயுகி தகஹாஷி ‘காஸ்ட்யூம்’, ‘ப்ளே’ இரண்டையும் ஒட்டி உண்டாக்கிய சொல்லாம். லீவுக்கு வந்தவன் ஃபோம் வெட்டி ஒட்டிய கவசத்தைக் காட்டினான். சுத்தமான வேலை, எங்கள் அட்டைக் கிரீடமெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது. போனில் இருந்த படங்களில் மட்டும் அசையாமல் நின்றான்.

“மாப்ளே, இந்தக் கவசக்காரன் எப்படி நடப்பான்?”

“அது தெரியணும் மாமா. நகோயாவுல 2003லேருந்து உலக காஸ்ப்ளே கூடுகை நடக்குது. அங்க போட்டின்னா ஜோடியா மேடையேறி நடிச்சுக் காட்டணும்.”

மொட்டை மாடியில் கவசத்தோடு நடக்கச் சொன்னேன். இரும்பு போட்டவன் கால் அப்படியா பஞ்சு மாதிரி எழும்பும்? அரிசிச் சிப்பத்தைத் தோளில் ஏற்றி மூன்று சுற்று வரவைத்தேன். பிறகு இறக்கிவிட்டு வெறும் கவசத்தோடு நாலாவது சுற்று.

கீழேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: “மாடியில யார்றா நடக்குறது?”