காதோரச் சிவப்பு

"ப்ரோ, பொண்ணு ஆமை கேக்கறா. நாய்னா வாக்கிங் கூட்டிட்டுப் போகணும். பூனைன்னா வைஃபுக்கு அலர்ஜி. ஆமைன்னா தொல்லையே இல்லல்ல?"

அலுவலக கேன்டீனில் ஒருவர் கேட்டார். என் வீட்டில் ஆமை இருப்பது எங்கள் ஃப்ளோர் முழுக்கத் தெரியும். பதிலுக்கு அவர் மகளின் வயதைக் கேட்டேன். ஆறு. "அப்ப அந்த ஆமை சாகறப்ப உங்க பொண்ணுக்கு முப்பத்தஞ்சு வயசுகூட ஆகியிருக்கலாம்" என்றேன். அவர் சிரித்தார். நான் ஜோக் அடிக்கவில்லை.

2014-ல் நானும் இப்படித்தான் இருந்தேன். கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசைகட்டி நிற்கும் தெருவுக்கு நாலு கப்பி மீன் வாங்கப் போனவன், பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை ஓடுகள் நீந்துவதைப் பார்த்து நின்றுவிட்டேன். கண்ணுக்குப் பின்னால், காது இருக்க வேண்டிய இடத்தில், குங்குமத்தைத் தீற்றியதுபோல ஒரு சிவப்புக் கோடு. ரெட் இயர்டு ஸ்லைடர். மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. நம் ஊர் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், கண்ணாடித் தொட்டியில் பகிரங்கமாக விற்கப்படுவது பெரும்பாலும் இந்த வெளியூர்க்காரர்தான். "இது வளராது சார், இவ்ளோதான் சைஸ்" என்றார் கடைக்காரர். இரண்டு வாங்கினேன். பிளாஸ்டிக் தென்னைமரம் வைத்த ஒரு கிண்ணத்தை இலவசமாகத் தந்தார். விலையைத் தவிர நான் வேறு எதையும் கேட்கவில்லை. லேப்டாப் வாங்கும்போது மூன்று வாரம் ரிவ்யூ படித்தவன் நான்.

நாலாவது மாதம் ஒன்றுக்குக் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. தூங்குகிறது என்று நினைத்தேன். ஓட்டை அழுத்தினால் தயிர் டப்பா மூடிபோல அமுங்கியது. குட்டி ஆமை என்றால் அப்படித்தான் இருக்கும்போல என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். ப்ரொடக்‌ஷன் ரிலீஸ் இருந்த ஒரு வாரக்கடைசியில் இரண்டு இரவு அலுவலகத்திலேயே தங்கிவிட்டு வந்து பார்த்தபோது அது தென்னைமரத்தடியில் மிதந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் படித்தேன். வெறும் காய்ந்த இறால் மட்டும் போட்டால் வைட்டமின் ஏ போதாமல் கண் வீங்கும். வெயிலில் இருக்கும் புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் டி3 உருவாகும்; அது இல்லாமல் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் உடம்பில் சேராது. ஜன்னல் ஓரமாகத்தானே வைத்திருந்தேன் என்று முதலில் கோபம் வந்தது. சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். அறையில் சுள்ளென்று வெயில் அடிக்கும், சூடு இருக்கும், அதற்கு வேண்டியது மட்டும் உள்ளே வராது.

மிஞ்சியதற்குத் துரை என்று பெயர் வைத்தேன். வளராது என்ற துரையின் ஓடு இப்போது பத்து அங்குலம். ஓட்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீர் என்பது இதை வளர்ப்பவர்களின் கணக்கு. ஆக, என் வீட்டு ஹாலில் நானூறு கிலோ தண்ணீர் நிற்கிறது. ஹவுஸ் ஓனரிடம் 'மீன்தொட்டி' என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஏறி உட்கார ஒரு பலகை, அதன்மேல் 32 டிகிரிக்குக் குறையாத சூடு, தனியாக ஒரு புற ஊதா பல்பு. அந்த பல்பு ஒரு மோசக்காரன். வெளிச்சம் அப்படியே இருக்கும், கதிர் மட்டும் மாதாமாதம் தேய்ந்துகொண்டே போகும். எரிகிறதே என்று விட்டால் பழைய கதைதான். வருடம் ஒருமுறை மாற்றச் சொல்லி ஃபோனில் ரிமைண்டர் போட்டிருக்கிறேன். கால்சியத்துக்கு நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கிற கணவாய் ஓடு. சின்ன வயதில் புழு, மீன்; வளர வளரக் கீரையும் காயும் அதிகம் வேண்டும். ஞாயிறு காலை பாதித் தண்ணீரை மாற்றுவேன். நாற்றத்தைப் பற்றி எழுதவில்லை.

கல்யாணம் பேச வந்த மாமனார் தொட்டியைப் பார்த்து "ஆமை புகுந்த வீடு..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக் காபியை எடுத்துக்கொண்டார்.

ஏழாவது வருடம் துரை சாப்பிடுவதை நிறுத்தியது. இரவு முழுக்கக் கண்ணாடியைப் பிராண்டும் சத்தம். ஊர்வனவற்றைப் பார்க்கும் டாக்டர் ஒருவரைக் கண்டுபிடிக்கவே மூன்று நாள் ஆயிற்று. எக்ஸ்ரேயில் வெள்ளை வெள்ளையாக ஐந்து முட்டைகள். "ஆண் இல்லாமலே முட்டை வரும் சார், கோழி மாதிரி. பொரியாது. ஆனா தோண்டறதுக்கு மண்ணு வேணும். இல்லன்னா அடக்கி வெச்சுக்கும், உயிருக்கே ஆபத்து" என்றார். ஆணுக்கு முன்னங்கால் நகம் நீளமாக இருக்கும், துரைக்கு இல்லை. அதை ஏழு வருடம் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு மூட்டை மணல் கேட்டு வாங்கி, பால்கனியில் டப்பில் கொட்டி, விளக்கை அணைத்தேன். பின்னங்கால்களால் மட்டும், திரும்பிப் பார்க்காமல், அரைமணி நேரம் தோண்டியது. நாணயம் அளவில் தொட்டிக்கு வந்த பிராணி, மண்ணையே மிதித்ததில்லை. முட்டையிட்டு, மூடி, வயிற்றால் அழுத்தித் தட்டையாக்கிவிட்டுத் தண்ணீரைத் தேடிக் கிளம்பியது. பெயரை மட்டும் நாங்கள் மாற்றவில்லை.

2023-ல் எனக்கு ஆன்சைட் வாய்ப்பு வந்தது. நெதர்லாந்து, மூன்று வருடம். ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல் வெளியிட்ட ஆக்கிரமிப்பு அயல் உயிரினங்கள் பட்டியலில் இந்த ஆமை இருக்கிறது. உள்ளே கொண்டுபோக முடியாது. நண்பர்கள் மூன்று மாதம் என்றால் சரி என்றார்கள். மூன்று வருடம் என்றதும் பேச்சு மாறியது. விசாரித்த இரண்டு இடங்களில் கையை விரித்தார்கள்.

"இதுக்குப் போய் ஏன்டா மண்டைய உடைச்சுக்கற? நம்ம கோயில் குளத்துல விட்டுடு. பொரி போடறாங்க, அதுபாட்டுக்கு இருக்கும். புண்ணியம்" என்றார் அப்பா.

உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஐ.யூ.சி.என். வெளியிட்ட பட்டியலில் இது இருப்பது எனக்குத் தெரியும். உள்ளூர் ஆமைகளின் இரையையும், அவை வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும் என்று தெரியும். குவாஹாட்டியில் உக்ரதாரா கோயில் குளத்தில் இதைக் கண்டெடுத்த செய்தியையும் படித்திருந்தேன். எல்லாம் தெரிந்தேதான் ஒரு சனிக்கிழமை ஊருக்கு வண்டியைக் கிளப்பினேன். மறுநாள் விடிகாலை, ஆள் வருவதற்குள், வாளியோடு குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன்.

வெளிச்சம் வந்ததும் எதிர்ப்படியில் ஒன்று ஏறியது. கழுத்தை நீட்டி, பின்கால்களை அகல விரித்து வெயில் காய்ந்தது. காதோரம் சிவப்பு. கீழே நம் ஊர்க் கருப்பு ஆமை ஒன்று தண்ணீருக்கு மேல் தலையை மட்டும் நீட்டியிருந்தது. அது ஏறவில்லை. யாரோ எனக்கு முன்னால் இதே படியில் இதேபோல ஒரு வாளியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

திரும்ப வந்தபோது அப்பா வாளியைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஆன்சைட்டுக்கு என் டீமில் இன்னொருவர் போனார். ஆமைக்காகத்தான் போகவில்லை என்று மேனேஜரிடம் சொல்லும் தைரியம் இல்லை; அப்பாவின் உடல்நிலை என்றேன். வீட்டு லோன் தவணை போகிற ஐந்தாம் தேதியில் மனைவி தொட்டியை ஒரு பார்வை பார்ப்பாள்.

கேன்டீன் நண்பரை மகளோடு ஞாயிறு காலை வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தார்கள். துரையைத் தொட்ட கையோடு அந்தப் பெண்ணை சோப்பு போட்டுக் கழுவவைத்தேன். ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா இருக்கும், குழந்தைகளுக்கு ஆகாது. அதனால்தான் அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975-லேயே தடை போட்டார்கள். "அங்கிள், இது என்னையே பாக்குது" என்றாள். சாப்பாடு வரும் என்று பார்க்கிறது என்றேன். ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும்.

நண்பர் மூன்று வாளி தண்ணீர் சுமந்தார். நாலாவதைக் கீழே வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"கடையில வாங்கறதுக்குப் பதிலா, வேணாம்னு யாராச்சும் விட்டது கிடைக்குமா ப்ரோ?"

"ஒண்ணு இருக்கு" என்றேன். "எங்க ஊர்க் குளத்துல. கேட்டுட்டுப் பிடிக்கணும்."