ஹவானாவின் பழங்கார்கள்



கரீபியன் கடலில் முதலை ஒன்று படுத்துக் கிடப்பதைப் போல நீண்டு கிடக்கும் தீவு கியூபா. அந்நாட்டு மக்களே தங்கள் தீவைச் செல்லமாக முதலை என்றுதான் அழைப்பர். அதன் தலைநகர் ஹவானாவுக்கு நீங்கள் செல்ல நேர்ந்தால், நகரின் நடுவிலுள்ள பார்கே சென்ட்ரல் என்னும் பூங்காவின் ஓரத்தில் சற்று நேரம் நில்லுங்கள். எதிரே 1929இல் கட்டி முடிக்கப்பட்ட கபிதோலியோ மாளிகையின் பெரிய குவிமாடம். அதன் அடிவாரத்தில் இளஞ்சிவப்பு, வான நீலம், பச்சை, மஞ்சள் எனக் கல்யாண வீட்டுப் பந்தல்போல் மின்னியபடி வரிசையில் நிற்பவை அத்தனையும் அமெரிக்கக் கார்கள். ஷெவர்லே, பியூக், பான்டியாக், டாட்ஜ், பிளிமத், ஓல்ட்ஸ்மொபைல். மீனின் துடுப்பைப் போலப் பின்புறம் எழும்பி நிற்கும் காடிலாக்கும் கண்ணில் படலாம். இவற்றில் ஒன்றுகூட 1960க்குப் பின் பிறந்ததன்று.

இவ்வண்டிகளுக்கு ஹவானாவாசிகள் வைத்திருக்கும் பெயர் 'அல்மென்ட்ரோன்'. பெரிய பாதாம் பருப்பு என்று பொருள். உருண்டு திரண்ட அவற்றின் உடலைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் விளங்கும்.

வெளிநாட்டுப் பயணிகள் அனைவரும் இங்கே செய்வது படம் எடுத்துக்கொள்வது. நீங்கள் அதோடு நின்றுவிடாமல், ஓட்டுநரிடம் பானட்டைத் திறந்து காட்டும்படி கேட்டுப் பாருங்கள். முகஞ்சுளிப்பவர் குறைவு. பெருமையோடு திறந்து காட்டுவோரே அதிகம். அமெரிக்க உடலுக்குள் ஜப்பானிய டொயோட்டாவின் டீசல் என்ஜின் அமர்ந்திருக்கக் காண்பீர்கள். அடுத்த வண்டியில் கொரியாவின் ஹூண்டாய். அதற்கடுத்ததில் ரஷ்ய வோல்காவின் நாலு சிலிண்டர் என்ஜின். கியர் பெட்டி ஒரு நாட்டினது, பிரேக் வேறொரு நாட்டினது, ஸ்டீயரிங் மூன்றாவது நாட்டினது. இத்தனையையும் ஒன்றோடொன்று இணைத்து ஓடச் செய்தவரோ, பக்கத்துச் சந்தில் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு குந்தியிருக்கும் ஒரு மெக்கானிக்.

இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950களில் கியூபாவின் செல்வந்தர்களும் நடுத்தர வகுப்பினரும் அமெரிக்கக் கார்களை விரும்பி வாங்கினர். புளோரிடாவிலிருந்து கடலைக் கடந்தால் ஹவானா. புதிய மாடல் ஒன்று வந்த சில வாரங்களில் ஹவானா வீதிகளிலும் அது ஓடும். 1959 ஜனவரியில் ஃபிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வெற்றி பெற்றது. உறவு கசந்தது. 1960 அக்டோபரில் உணவும் மருந்தும் தவிர்த்த பிற பொருள்களைக் கியூபாவுக்கு அனுப்புவதை அமெரிக்கா தடை செய்தது. 1962 பிப்ரவரியில் வணிகத் தடை முழுமையானது. கார்கள் வருவது நின்றதோடன்றி, ஏற்கெனவே வந்த கார்களுக்கு வேண்டிய ஒரு திருகாணி, ஒரு பிஸ்டன் வளையம்கூட முறைப்படி வர வழியில்லாமற் போயிற்று.

பின்னர் சோவியத் நாட்டிலிருந்து லாடா, மாஸ்க்விச், வோல்கா ஆகிய கார்கள் வந்தன. அவை கடையில் வைத்து விற்கப்பட்டவை அல்ல. நன்றாக உழைத்தவர் என்று அரசு கருதியவருக்கு அளிக்கப்பட்டவை. பெற்றவர் அதைப் பிறருக்கு விருப்பம்போல் விற்க முடியாது. ஆனால் புரட்சிக்கு முந்திய கார்களுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. அவற்றை வாங்கலாம், விற்கலாம். எல்லாக் கார்களையும் விற்க அனுமதிக்கும் சட்டம் 2011ஆம் ஆண்டில்தான் வந்தது. அதுவரை அரை நூற்றாண்டுக் காலம், ஒரு சாதாரணக் குடும்பம் தன் சொந்தப் பொருளாக வைத்திருந்து, வேண்டும்போது காசாக்கக் கூடிய கார் அந்தப் பழைய அமெரிக்க வண்டி ஒன்றுதான்.

இதை நீங்கள் மனத்தில் இருத்திக்கொண்டால்தான் மற்றவை விளங்கும். நம் வீடுகளில் உம்மாவின் நகையை எப்படிப் பெட்டியில் பூட்டி, பிள்ளையின் படிப்புக்கும் மகளின் நிக்காஹுக்கும் என்று பாதுகாக்கிறோமோ, அவ்வாறே அவர்கள் பாட்டனார் வாங்கிய பிளிமத்தைப் பாதுகாத்தனர். பழமையின் மீதுள்ள மோகம் என்று எழுதும் பயணக் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. வேறு கார் வாங்க வசதி இருந்தால் அவர்களில் பலர் அன்றே இதை விட்டுவிட்டிருப்பார்கள். 2014 ஜனவரியில் புதிய கார்களை யாரும் வாங்கலாம் என்று அரசு அறிவித்தது. மக்கள் ஆவலோடு காட்சியகத்துக்குச் சென்று பார்த்தால், ஒரு பெஜோ 508 காருக்கு விலை 2,62,000 டாலர் என்று எழுதியிருந்தது! அன்றைய அரசு ஊழியரின் மாதச் சம்பளம் சராசரியாக இருபது டாலர் அளவில் இருந்தது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இனி, பட்டறைகளுக்கு வருவோம்.

ஹவானாவில் பட்டறை என்பது பெரும்பாலும் ஒரு வீட்டின் முன்கூடம், அல்லது வீட்டு வாசலில் ஒரு மரநிழல். அங்கே நீங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இரண்டு. 'ரெசோல்வெர்' என்றால் தீர்த்துவை. 'இன்வென்டார்' என்றால் கண்டுபிடித்துக்கொள். கடையில் கிடைக்காத பொருள் எதுவாயினும் இவ்விரண்டு வினைகளாலேயே அது வந்து சேர வேண்டும். ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டதா? பழைய டயரை வெட்டிச் செதுக்குகிறார்கள். காஸ்கெட் கிழிந்துவிட்டதா? தகட்டிலோ அட்டையிலோ அளவெடுத்து வெட்டுகிறார்கள். பிரேக் எண்ணெய் கிடைக்காத நாள்களில் ஷாம்பூவை ஊற்றி ஓட்டியதாகவும் சொல்வர். இதை மட்டும் பாராட்ட என் மனம் இடம் தரவில்லை. பிரேக் எண்ணெய் என்பது கொதிநிலை உயர்ந்ததாய் இருக்க வேண்டும். சூட்டில் ஆவியாகும் திரவம் இருந்தால், மிதிக்கும்போது பெடல் தரை வரை இறங்கும், வண்டி நிற்காது.

எல்லாவற்றினும் பெரிய தலைவலி அளவுகள். அமெரிக்கக் காரின் ஒவ்வொரு திருகாணியும் அங்குலக் கணக்கில் மரை வெட்டப்பட்டது. ரஷ்யாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவை மில்லிமீட்டர்க் கணக்கு. ஒன்று மற்றொன்றில் ஏறாது. ஏறுவதுபோல் போக்குக் காட்டி இரண்டு சுற்றில் மரையைத் தின்றுவிடும். மின்சாரமும் அப்படியே. ஷெவர்லே 1955இல்தான் ஆறு வோல்ட்டிலிருந்து பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறிற்று. 1954ஆம் ஆண்டு வண்டிக்கு லாடாவின் ஸ்டார்ட்டரைப் பூட்ட வேண்டுமானால் டைனமோ முதல் விளக்கு வரை அனைத்தையும் மாற்றியாக வேண்டும். ஆகையால் இந்நகரில் மெக்கானிக்கை விடவும் மதிப்பு மிக்கவர் லேத் பட்டறைக்காரர். 'தொர்னேரோ' என்பார்கள். ரஷ்யக் கியர் பெட்டிக்கும் அமெரிக்க இருசுக்கும் இடையே உறவு ஏற்படுத்தும் ஒரு வளையத்தை, ஒரு தகட்டை, ஒரு தண்டை அவரே கடைந்து தருகிறார். கையில் மாதிரி ஒன்று போதும், வரைபடம் கேட்பதில்லை.

என்ஜின் மாற்றத்துக்கும் ஒரு காரணம் உண்டு. 1991இல் சோவியத் நாடு சிதறியது. அங்கிருந்து மலிவாய் வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது. 'சிறப்புக் காலம்' என்று அரசு பெயரிட்ட அந்த வறுமை ஆண்டுகளில் மக்கள் உணவுக்கே அல்லற்பட்டனர். 1957 ஷெவர்லேயின் எட்டு சிலிண்டர் என்ஜின் நாலு லிட்டருக்கும் மேற்பட்ட கொள்ளளவு உடையது. நகர ஓட்டத்தில் பெட்ரோலைக் குடம் குடமாய்க் குடிக்கும். அதைக் கழற்றிவிட்டு, லாரியிலோ வேனிலோ இருந்த டீசல் என்ஜினை ஏற்றியவர்களின் வண்டி ஓடியது. ஏற்றாதவர்களின் வண்டி திண்ணையில் நின்றது. அசல் என்ஜின் என்று அமெரிக்கச் சேகரிப்பாளர் உருகுகிறாரே, அதைத் தூக்கியெறிந்தவர் பிள்ளைகளின் பசியாற்றுவதற்காகத் தூக்கியெறிந்தார்.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். 1955 முதல் 1957 வரையிலான ஷெவர்லேக்கு அங்கே இல்லாத உதிரிபாகம் இல்லை. கதவுக் கைப்பிடி, பம்பர், இருக்கை உறை, ஏன், முழு உடற்கூடுமே இன்று புதிதாக அச்சில் அழுத்தி விற்கப்படுகிறது. பணம் கட்டினால் வாசலுக்கு வந்துவிடும். அத்தகைய பொருள் ஹவானாவை அடைவது மியாமியிலுள்ள மைத்துனரின் பெட்டியில். உடுப்புகளுக்கிடையே கார்புரேட்டர், குழந்தையின் பால்மாவுக்கு அடியில் பிஸ்டன் வளையம். இவ்வாறு சாமான் சுமந்து செல்வதையே தொழிலாகக் கொண்டவர்களும் உண்டு, அவர்களுக்குக் 'கோவேறு கழுதைகள்' என்று பட்டப் பெயர். மெக்சிகோவிலிருந்தும் பனாமாவிலிருந்தும் சரக்கு வருகிறது. எடை குறைந்தவற்றுக்குத்தான் இந்த வழி உதவும். முன்புறம் வளைந்து சூழும் பெரிய கண்ணாடி உடைந்துவிட்டால், தட்டைக் கண்ணாடியை வெட்டி அதைச் செய்ய இயலாது. பெட்டியிலும் வராது. இறந்துபோன இன்னொரு வண்டியைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியதுதான்.

எழுத்தாளர் ஹெமிங்வேயின் காருக்கே இக்கதி நேர்ந்தது என்றால் சாதாரண மனிதரைச் சொல்வானேன்? அவர் ஹவானாவுக்கு அருகில் ஃபிங்கா விஹியா என்ற தோட்ட வீட்டில் இருபது ஆண்டுக் காலம் வாழ்ந்தவர். 1955ஆம் ஆண்டின் கிறைஸ்லர் நியூயார்க்கர் என்னும் கூரை மடங்கும் கார் அவருடையது. 1961இல் அவர் மறைந்தபின் வண்டி கை மாறிக் காணாமற்போய், பல்லாண்டுகளுக்குப் பிறகு துருவேறிய நிலையில் கண்டெடுக்கப்பட்டது. அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அதன் பொறுப்பாளர்கள் காரை முன்போல் ஆக்க முயன்றபோது, டேவிட் சோல் என்ற நடிகர் உதவிக்கு வந்தார். உதிரிபாகங்கள் அமெரிக்காவில் இருந்தன, ஆனால் நேரே அனுப்பத் தடைச்சட்டம் குறுக்கே நின்றது. அமெரிக்க எழுத்தாளரின் அமெரிக்கக் காருக்கு அமெரிக்கச் சாமான் போகக் கூடாதாம்! இந்த ஒரு கார் மட்டும் மாற்று என்ஜின் எதனையும் ஏற்க முடியாது. அசல் வேண்டும் என்பதே இங்கு நோக்கம். அதனால் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

பழங்கார்களைப் பற்றிப் பேசும்போது நமக்கு நெருக்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஹவானாவில் ஒஃபிசியோஸ் என்றொரு குறுகிய கல் பாவிய வீதி இருக்கிறது. அங்கே ஒரு கட்டடத்தில் முன்னர் பழங்கார்களின் அருங்காட்சியகம் இருந்தது. 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம், ரமளானை ஒட்டி, அதே கட்டடம் பள்ளிவாசலாகத் திறக்கப்பட்டது. அப்துல்லாஹ் பள்ளி என்று பெயர். அதுவரை அவ்வூர் முஸ்லிம்கள் வீடுகளிலும், அதே வீதியிலுள்ள அரபியர் இல்லம் என்ற அருங்காட்சியகத்தின் அறையிலும் தொழுது வந்தனர். கார்கள் நின்ற தளத்தில் இன்று ஸஃப் கட்டி நிற்கிறார்கள். ஹவானாவுக்குச் செல்லும் நீங்கள் ஜும்ஆவுக்கு எங்கே போவது என்று தவிக்க வேண்டியதில்லை.

பயணிகளுக்காகப் பளபளக்கும் கார்களில் ஒரு குறையும் உண்டு. கூரையில்லாத வண்டிக்குத்தான் வாடகை அதிகம் என்பதால், கூரையுள்ள நல்ல கார்களை அறுத்துத் திறந்த காராக்கியிருக்கிறார்கள். கூரை போனால் உடற்கூட்டின் பலம் போகிறது. கதவுகள் சரியாகப் பொருந்தாமல் ஆடும். மலேகோன் என்னும் கடற்கரைச் சாலையில், குளிர்காலத்தில் அலை சுவரைத் தாண்டிச் சாலையில் விழும். அந்த உப்புநீர் அறுத்த இடத்தில் இறங்கினால் துரு விடாது. வெளியே பட்டி வைத்துப் பெயின்ட் அடித்துவிட்டால் படத்தில் தெரியாது. அதைவிட, புகை கக்கிக்கொண்டு, நிறம் மங்கி, ஒரே வழித்தடத்தில் பத்துப் பேரை ஏற்றிச் செல்லும் பங்கு வாடகை வண்டியே எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது. ஆசிரியையும் தாதியும் கல்லூரி மாணவரும் அதில்தான் வேலைக்குப் போனார்கள். நெடுங்காலம் அதன் கட்டணம் பத்து பெசோ.

அந்தப் பத்து பெசோக் காலம் மலையேறிவிட்டது. 2020க்குப் பின் பயணிகள் வரவு குறைந்தது. 2024 மார்ச் முதல் நாள், ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையை 25 பெசோவிலிருந்து 132 பெசோவாக அரசு உயர்த்தியது. அதன் பின் விலை கொடுக்க முன்வந்தாலும் எரிபொருள் கிடைப்பது அரிதாயிற்று. வண்டியை வெளிநாட்டவருக்கு விற்றுவிடலாம் என்றால், இவை நாட்டின் பாரம்பரியச் சொத்து என்று ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது. பட்டறையில் வளர்ந்த இளைஞர் பலர் தீவை விட்டே புறப்பட்டுவிட்டனர். பயணச் செலவுக்காகப் பாட்டனார் வண்டியை விற்றவர்களும் அவர்களில் உண்டு. லேத்தில் மாதிரியைப் பார்த்தே கடைந்து தரும் முதியவருக்குப் பின் அந்த இயந்திரத்தின் முன் நிற்பவர் யார் என்பதே இன்று பட்டறைகளில் உள்ள கவலை, உதிரிபாகம்கூட அன்று.

நீங்கள் சென்றால் பங்கு வண்டி ஒன்றில் கட்டாயம் ஏறுங்கள். சாலையோரத்தில் நின்று கையை நீட்டினால் போதும். எந்தத் திசைக்குப் போக வேண்டும் என்பதற்கு விரல் சாடைகள் உண்டு, பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால் காட்டித் தருவார். சில்லறையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் கதவை ஓங்கிச் சாத்திவிடாதீர்கள். ஓட்டுநர் பதறிப்போவார். அந்தக் கீல் உடைந்தால் மறு கீல் மியாமியிலிருந்து யாராவது வரும் வரை கயிற்றால்தான் கதவைக் கட்டி ஓட்ட வேண்டும்.