நைனாவுக்கும் 'வூ'

திருவொற்றியூர் காலனிப் பொண்ணு பிரெஞ்சு படித்தாள் என்றால் நம்ம ஆட்களே சிரிப்பார்கள். 'அது எதுக்கு நமக்கு?' என்பார்கள். எதுக்கு என்று சொல்கிறேன்.

1991இல் ப்ளஸ் ஒன் சேர்ந்தேன். தனியார் மெட்ரிக் பள்ளி. அம்மாவின் கம்மல் சேட்டு கடைக்குப் போய்த்தான் அந்த சீட் கிடைத்தது. அங்கே தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுக்கலாம். பிரான்சு மேல் யாருக்கும் ஆசை கிடையாது. மொழிப்பாடத்துக்கு அப்போது 200 மார்க். தமிழ் என்றால் செய்யுள், இலக்கணம், கட்டுரை என்று பன்னிரண்டு வருசப் படிப்பையும் கேட்பார்கள். பிரெஞ்சில் எங்களுக்கு ப்ளஸ் ஒன்னில்தான் அரிச்சுவடியே தொடங்கியது. கேள்வியும் அந்த அளவுதான்.

என் அத்தை மகன் மாநகராட்சிப் பள்ளி. அவனுக்கு வேறு மொழி எடுக்க வழியில்லை. என்னைவிட நல்லாத் தமிழ் எழுதுவான். மொழிப்பாடத்தில் என்னைவிட முப்பது மார்க் குறைவு. தமிழ் எடுத்தவர்களுக்கு மட்டும்தான் மாநில ரேங்க் என்று அரசு ஒரு விதி வைத்திருந்தது. ரேங்க் அறிவிப்பதே 2017இல் நின்றுபோனது. அந்த விதி முதல் மூன்று பேருக்கு உதவியிருக்கும். என் அத்தை மகனுக்கு உதவவில்லை. மொத்த மார்க்கைப் பார்த்த இடத்திலெல்லாம் அவன் எனக்குப் பின்னால் நின்றான்.

இன்னொரு பக்கமும் உண்டு. பத்தாவது வரை தமிழ் வகுப்பில் நான் வாயைத் திறந்தால் போதும், 'வூடு', 'இன்னா' என்று சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். ஒரே சொல்லில் என் தெரு தெரிந்துவிடும், சாதியும் தெரிந்துவிடும். பிரெஞ்சு வகுப்பில் எல்லார் நாக்கும் தடுமாறியது. தொண்டைக்குள் உருளுகிற அந்த 'ர' ஐயர் வீட்டுப் பிள்ளைக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

பிரெஞ்சில் 'நீ'க்கு 'த்யூ', 'நீங்க'வுக்கு 'வூ'. அறிமுகமில்லாத பெரியவர் யாரானாலும் 'வூ' என்பது பாடம். நைனா ஆர்பரில் மூட்டை தூக்குகிறவர். ராத்திரி நான் சத்தம் போட்டுப் படிப்பதைக் கேட்டார்.

"தெரியாத ஆளு எல்லாத்துக்குமாம்மா?"

"ஆமா நைனா."

"மூட்ட தூக்கறவனுக்கும்?"

"எல்லாருக்கும்தான்."

"நேத்து வந்த கிளார்க்கு பையன் என்ன வாடா போடான்றான். அந்த ஊர்ல இர்ந்தா எனக்கு வூ சொல்லணும் அவன். அப்டித்தான?"

அப்படித்தான் என்றேன். புத்தகம் அப்படித்தான் சொன்னது.

பிறகு ஃபனான் படித்தபோது மீதி தெரிந்தது. மார்த்தினிக் தீவில் பிறந்த கறுப்பு டாக்டர் அவர். 1952இல் வந்த தன் புத்தகத்தில் எழுதுகிறார்: வெள்ளை நோயாளிக்கு 'வூ' போடுகிற டாக்டர்கள், கறுப்பரோ அரபியரோ வந்தால் 'த்யூ'வுக்கு இறங்கிவிடுவார்களாம். நம்ம கிளார்க் அங்கேயும் இருக்கிறான்.

பாண்டிச்சேரிக் கதையும் இதுதான். 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் பூட்ஸ் போட்டுக்கொண்டு பிரெஞ்சுக் கோர்ட்டுக்குள் போனார். வெளியே அனுப்பினார்கள். பாரீஸ் வரை வழக்காடி ஜெயித்தார். 1881இல் ஒரு ஆணை வந்தது. சாதி வழக்கத்தை எழுதிக் கொடுத்து விட்டுவிட்டால் பிரெஞ்சுச் சட்டம் பொருந்தும், பிரெஞ்சுப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். அவர் 'லாபோர்த்' ஆனார். கதவு என்று அர்த்தம். அவர் மேல்சாதி வீட்டுப் பிள்ளைதான். ஆனால் அந்தக் கதவு வழியாகச் சேரி ஜனமும் நிறைய நுழைந்தது. பெயர் மாறியது. ஊரும் சேரியும் ஒன்றாகிவிடவில்லை. ஆனாலும் கதவு திறந்திருந்தபோது நம்ம ஆட்கள் வெளியே நிற்கவில்லை என்பது முக்கியம்.

2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்து, பத்தாம் வகுப்பு வரை தமிழ் படிப்படியாகக் கட்டாயமானது. நல்லது. ப்ளஸ் டூவில் இன்னும் பிரெஞ்சு எடுக்கலாம், பள்ளியில் வாத்தியார் இருந்தால். எண்ணூரிலும் ராயபுரத்திலும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் அந்த வாத்தியாரைக் கொடுங்கள், பணம் வாங்காமல். தமிழே போதும் என்கிற பிள்ளைக்கு, பிரெஞ்சுத் தாளில் போடுகிற தாராளத்தோடு மார்க் போடுங்கள்.